ராத்திரி யாரு சார் கூட இருப்பாங்க?

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும், அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோடு சுவர்களில் கட்சிக்காரர்கள் விட்டுவைத்த இடத்தையெல்லாம் கோடை முகாம்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். காலையில் பேப்பரைப் பிரித்தால் வழவழ நோட்டீஸ் ஒன்று மடியில் விழுகிறது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அதே நோட்டீஸ் நாலு தடவை வருகிறது. ஐந்து பகல், நான்கு இரவு. வில்வித்தை, நீச்சல், கயிறு ஏற்றம், கேம்ப் ஃபயர், தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை. சைவம் அசைவம் இரண்டும் உண்டு. முன்பதிவுக்குச் சலுகை, அண்ணன் தம்பி சேர்ந்து வந்தால் கூடுதல் சலுகை.

நோட்டீஸை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். என்ன விளையாட்டு என்று இருக்கிறது. என்ன சாப்பாடு என்று இருக்கிறது. டீ-ஷர்ட் என்ன கலர் என்றுகூட இருக்கிறது. பிள்ளைகளோடு யார் இருப்பார்கள் என்பது மட்டும் இருக்காது.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சம் அரிப்பு அதிகம். பூந்தமல்லி தாண்டி, திருமழிசைப் பக்கம், திருநின்றவூர்ப் பக்கம் என்று நாலைந்து நம்பர்களுக்குப் போன் போட்டேன். பெயர்கள் வேண்டாம். பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தன. அதில் ஒன்று:

"ராத்திரி பிள்ளைங்க கூட யாரு சார் இருப்பாங்க?"

"நம்ம பசங்கதான் சார்."

"பசங்கன்னா?"

"காலேஜ் பசங்க சார். நல்ல பசங்க. போன வருஷமும் வந்தாங்க."

"பொம்பளைப் பிள்ளைங்க தங்கற இடத்துல?"

"அங்கே ஒரு மேடம் இருப்பாங்க சார். ஆயாம்மா இருக்காங்க."

"இவங்களுக்கெல்லாம் ட்ரெயினிங் ஏதாவது குடுத்திருக்கீங்களா?"

"பிள்ளைங்களைப் பார்த்துக்கறதுக்கு என்ன சார் ட்ரெயினிங்?"

கேட்டவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். இந்த வாரம் நான் சண்டை போடப்போவது அந்த ஆச்சரியத்தோடுதான்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வோம். முகாம்களை நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். அம்மா எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போகிறார், அப்பா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பிள்ளைக்குத் துணை செல்போன். முன்பெல்லாம் 'ஊருக்கு' அனுப்பினோம். பாட்டி வீடுதான் நம்முடைய கோடை முகாம். அதை ரொம்பவும் புகழ வேண்டாம். அங்கேயும் கிணற்றில் விழுந்த பிள்ளைகள் உண்டு, வெளியில் சொல்ல முடியாத தொந்தரவுகளை வாய்மூடிச் சுமந்து வளர்ந்தவர்களும் உண்டு. ஆனாலும் ராத்திரி வயிறு வலித்தால் யாரை எழுப்ப வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். இன்று பாட்டியே அம்பத்தூரில் ஒற்றை பெட்ரூம் ஃபிளாட்டில் மருமகளோடு இருக்கிறார். அதனால் முகாம்கள் தேவைதான். வீட்டை விட்டு நாலு நாள் இருந்துவிட்டு வரும் பிள்ளை தன் தட்டைத் தானே கழுவும். அதுவே பெரிய படிப்பு.

கேள்வி அதுவல்ல. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சின்னஞ்சிறு பெண் இறந்துபோனாள். ஊரே கொதித்தது. அதே வருடம் தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. டிரைவர் போதாது, பேருந்தில் ஒரு உதவியாளரும் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இன்று அம்பத்தூரிலிருந்து முகப்பேர் போகிற அரை மணி நேரப் பயணத்துக்குச் சட்டப்படி ஒரு ஆள் துணை உண்டு. அதே பிள்ளை நான்கு ராத்திரி வெளியே தங்கப் போகிறது. கூட எத்தனை பேர், என்ன வயது, என்ன தெரிந்தவர்கள்? கேட்க ஆளில்லை. கோடை முகாமுக்கென்று உரிமம் கேட்டு யாரும் கலெக்டர் ஆபீஸ் படி ஏறுவதில்லை. 2014-ல் பொள்ளாச்சி விடுதிக் கொடுமைக்குப் பிறகு பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு ஒரு சட்டம் வந்தது. அது வருடம் முழுக்க நடக்கிற விடுதியை மனதில் வைத்து எழுதியது. மே மாதம் காலியாகக் கிடக்கிற இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலை ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுக்கிறவரைப் பற்றி அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு பிள்ளை செத்தால் ஒரு விதி. இதுதான் நம் நிர்வாக முறை. முகாமுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லையே என்கிறீர்களா? நடந்துவிட்டது.

2024 ஆகஸ்ட். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளி. 5-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதி வரை 'என்.சி.சி. முகாம்'. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. இப்படி ஒரு முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள், நிர்வாகம் நம்பியது. வந்தவர்கள் யார் என்று விசாரிக்கவில்லை. மாணவிகள் 17 பேரும் மாடியில் இருந்த அரங்கத்தில் தங்கினார்கள், மாணவர்கள் கீழே. மேற்பார்வைக்கு என்று ராத்திரி ஆசிரியர்கள் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் 'பயிற்சியாளர்' வெளியே அழைத்துப்போய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார். குழந்தை பள்ளியில் சொன்னது. போலீஸுக்குப் போக வேண்டிய பள்ளி, வெளியில் சொல்லாதே என்றது. பிறகு வீட்டில் தெரிந்து, புகாராகி, பள்ளி முதல்வர், தாளாளர் உள்பட பலர் கைதானார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்.சி.சி. அறிக்கை விட்டது. முக்கியக் குற்றவாளி எலி மருந்து சாப்பிட்டு 23-ஆம் தேதி சேலம் மருத்துவமனையில் இறந்துபோனார். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தார்கள். இதே ஆள் வேறு பள்ளிகளிலும் முகாம் நடத்தியிருப்பது தெரியவந்தது.

நாம் எல்லோரும் அந்த ஆளைப் பற்றிப் பேசினோம். அவர் எந்தக் கட்சி, எப்படிச் செத்தார், ஏன் செத்தார். டி.வி.யில் பத்து நாள் ஓடியது. அந்த அரங்கத்துக்குள் ராத்திரி இருந்திருக்க வேண்டிய இன்னொரு ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. விழித்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டிருக்க வேண்டிய ஒரு பெண். அப்படி ஒரு வேலையே யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பகலில் அணிவகுப்புக்கு ஒருவர், யோகாவுக்கு ஒருவர். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை.

நிஜ என்.சி.சி. முகாமில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். முகாமுக்கு ஒரு கமாண்டன்ட் உண்டு, ராணுவத்திலிருந்து வந்த பயிற்றுநர்கள் உண்டு. பள்ளி, கல்லூரியிலிருந்து கூட வருகிற ஆசிரியர், சும்மா கைகாட்டி அனுப்பப்பட்டவர் அல்ல. ஆண்கள் என்றால் மகாராஷ்டிரத்தின் காம்ப்டி, பெண்கள் என்றால் குவாலியர் என்று போய்ப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர். சாரணர் இயக்கத்தைப் பாருங்கள். பேடன்-பவல் பிரவுன்சீ தீவில் பையன்களை வைத்து முதல் முகாம் போட்டது 1907-ல். சாரண ஆசிரியர்களுக்கான 'வுட் பேட்ஜ்' பயிற்சி லண்டனை ஒட்டிய கில்வெல் பார்க்கில் 1919-லேயே ஆரம்பித்துவிட்டது. பையனுக்குக் கூடாரம் கட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் வாத்தியாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நூறு வருடத்துக்கு முந்தைய ஞானம். நம் நோட்டீஸ்காரர்கள் சாரணரிடமிருந்து கேம்ப் ஃபயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, "பார்த்துக்கறதுக்கு என்ன ட்ரெயினிங்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒன்பது வயதுப் பையன் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுகிறான். இன்னொருவன் படுக்கையை நனைத்துவிட்டு, நாற்றம் தெரிந்துவிடுமே என்று அதன்மேலேயே விடியும்வரை படுத்திருக்கிறான். பத்தொன்பது வயதுக் காலேஜ் பையனுக்கு இதெல்லாம் காமெடி. காலையில் அத்தனை பேர் முன்னாலும் பட்டப்பெயர் வைத்துவிடுவான். கெட்டவன் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தமில்லாமல் எழுப்பி, வேறு டிராயர் கொடுத்து, போர்வையை மாற்றி, யாரிடமும் சொல்லாமல் இருப்பது ஒரு வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

ஒரு பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. நம் பசங்க என்ன செய்வார்கள்? சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். சினிமாவில் பார்த்ததுதான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இவ்வளவுதான் பாடம். அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். வீசிங் உள்ள பெண்ணின் இன்ஹேலர் அவள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் பிரயோஜனம் இல்லை என்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். செம்பரம்பாக்கம் பக்கத்துப் பண்ணை வீட்டில் பாம்பு கடித்தால் கீறக் கூடாது, கயிறு கட்டி இறுக்கக் கூடாது, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அது எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி ஒரு மணிக்கு எந்த வண்டி, சாவி யாரிடம்? இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி. அன்றைக்குத் தேடினால் அதற்குப் பெயர் விதி.

நீச்சல் குளம் இன்னொரு கூத்து. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் மாதிரி கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்தாது. பெரும்பாலும் சத்தமே வராது. அதனால்தான் குளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் வேறு, பார்த்துக்கொண்டிருக்கிறவர் வேறு. 2012 ஆகஸ்டில் கே.கே.நகரில் ஒரு பெரிய பள்ளியின் குளத்திலேயே நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மூழ்கி இறந்தான். பண்ணை வீட்டுக் குளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கக் கூடாது. நல்லவர், கெட்டவர் பேதமில்லை, எல்லோருக்கும்தான். பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்க வேண்டும், அன்றைக்கே போலீஸிடமோ 1098-லோ சொல்ல வேண்டும். இது கருணை இல்லை. போக்சோ சட்டம் 2012-லிருந்து சொல்கிற கட்டாயம். தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. 2020-ல் வந்த போக்சோ விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பிள்ளைகளைத் தங்க வைக்கிற, பிள்ளைகளோடு அடிக்கடி பழகுகிற எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவரையும் - நிரந்தரமோ ஒப்பந்தமோ - போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். பாதுகாப்பு பற்றி அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும். சட்டம் எழுதியாகிவிட்டது. நான் போன் போட்டவர்களில் ஒருவருக்கும் அது காதில் விழுந்திருக்கவில்லை.

"போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிட்டா சரியா போச்சா சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். போகாது. 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில் 53 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் மேல் போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் இருந்திருக்கும்? சான்றிதழ் பழைய பாவத்தைத்தான் காட்டும். நாளை ராத்திரி நடக்கப்போவதைத் தடுப்பது விழித்திருக்கிற இரண்டாவது ஆள்தான்.

இனி காசு. நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று-வரவு எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. உதாரணத்துக்கு 60 பிள்ளைகள், தலைக்கு 6,000 ரூபாய் என்று வையுங்கள். வசூல் 3,60,000. நாலு 'நம்ம பசங்க', நாளுக்கு 500 ரூபாய், ஐந்து நாள்: 10,000. மொத்த வசூலில் மூன்று சதவிகிதம்கூட இல்லை. டீ-ஷர்ட் செலவு இதைவிட அதிகம்.

இப்போது ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும்? அமெரிக்க முகாம் சங்கம் 1910-லிருந்து இருக்கிறது. ராத்திரி தங்குகிற முகாமில் 9 முதல் 14 வயது வரையிலான எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு ஊழியர், 6 முதல் 8 வயது என்றால் ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது அவர்கள் கணக்கு. 60 பெரிய பிள்ளைகளுக்கு எட்டுப் பேர். நாளுக்கு 1,500 ரூபாய் கொடுங்கள். முகாமுக்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி, அதற்கும் சம்பளம். ஆக ஏழு நாள்: 84,000. பழைய 10,000-ஐக் கழித்தால் கூடுதல் செலவு 74,000. லாபத்தில் பைசா குறைக்க மாட்டேன் என்று முதலாளி அடம் பிடித்து முழுவதையும் நம் தலையில் கட்டினாலும் பிள்ளைக்கு 1,233 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மாலில் ஒரு சினிமாவும் பாப்கார்னும்.

"வசதியில்லாத பிள்ளைங்க முகாமுக்கே வர முடியாமப் போயிடும்" என்பது அடுத்த வாதம். கோயில், சர்ச், மசூதி, தொண்டு நிறுவனம், தெருமுனை விளையாட்டு கிளப் நடத்தும் இலவச முகாம்களுக்காகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இலவச முகாமில் தொண்டர்களுக்குச் சம்பளமே கிடையாது. அங்கே பயிற்சிக்கு ஆகும் செலவு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு டாக்டரையும் ஒரு பெண் போலீஸ் அதிகாரியையும் கூப்பிட்டால் வருவார்கள். பணம் கொடுக்காத பெற்றோரின் பிள்ளைக்குப் பாதுகாப்பு குறைவாக இருந்தால் பரவாயில்லை என்பதுதான் இந்த வாதத்தின் அடியில் இருக்கிற அர்த்தம். அதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவைச் சொன்னதும் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூலை 4 அதிகாலை டெக்சஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆறு பொங்கியது. கரையில் இருந்த கேம்ப் மிஸ்டிக் என்ற சிறுமிகள் முகாமில், பிள்ளைகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம் பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய நூறு வருடப் பழைமையான, பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுச் சேர்க்கிற முகாம். இரண்டே நாள் முன்னால் மாநில அதிகாரிகள் வந்து, அவசரகாலத் திட்டம் எழுத்தில் இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு இரண்டு மாதத்தில் புதுச் சட்டம் வந்தது: வெள்ளம் வரும் இடத்தில் பிள்ளைகளைத் தங்க வைக்காதே, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடு. ஃபைலில் இருக்கிற திட்டம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வராது என்று அவர்கள் 27 உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

நம்மிடம் அந்த ஃபைல்கூட இல்லை. இன்னொரு சிக்கல் வேறு. அம்பத்தூர் வருவாய்க் கணக்கில் சென்னை மாவட்டம், பூந்தமல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டம். பள்ளிக்கூடத்துக்குள் நடந்தால் கல்வித்துறை, காலேஜ் ஹாஸ்டலில் நடந்தால் அது உயர்கல்வி, பண்ணை வீட்டில் நடந்தால் யாரோ. ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்ட இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. நல்லவேளையாகப் போலீஸ் மட்டும் ஒன்று. 2022 ஜனவரியிலிருந்து மூன்று ஊரும் ஆவடி கமிஷனரேட்டில்தான் வருகின்றன.

எனவே கமிஷனர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், 2020 விதி கையிலேயே இருக்கிறது. மார்ச் கடைசிக்குள் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடியுங்கள். ராத்திரி பிள்ளைகளைத் தங்க வைக்கிற எவரும் அதை நிரப்பி ஸ்டேஷனில் ஒன்று, நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒன்று போட வேண்டும். முகாம் நடக்கும் முகவரி. பிள்ளைகள் எத்தனை, வயது என்ன. ஊழியர் பெயர், வயது, சரிபார்ப்பு எண். என்ன பயிற்சி, யார் கொடுத்தது, எந்தத் தேதி. மருந்துப் பெட்டி யார் பொறுப்பு. குளத்தைப் பார்க்கிறவர் யார். கடைசியாக ஒரு கட்டம், கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விழித்திருப்பவரின் பெயர், கையெழுத்து.